மாற்றி எழுதும் நேரம்

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு என் அக்கா வீட்டில் தங்க நேர்ந்தது. மணி 11.30. உயர்நிலை மூன்றில் படிக்கும் அக்கா மகள் இன்னும் மேசையில் குனிந்து உட்கார்ந்து, எதற்கோ வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அருகில் சென்று பார்த்தேன். அழகான குறிப்பேடு. பக்கம் முழுவதும் சிறு சிறு கட்டங்கள். இடது ஓரத்தில், 'எட்டுக் குவளைத் தண்ணீர்', 'இருபது பக்கம் வாசிப்பு', 'உடற்பயிற்சி', 'கைத்தொலைபேசி ஒரு மணி நேரம் மட்டும்' என்று 14 வரிகள். மேலே மாதத்தின் 30 நாள்கள். அன்றன்று செய்து முடித்த பழக்கத்துக்கு உரிய கட்டத்தை நிரப்ப வேண்டுமாம். அவள் அப்போது ஊதா நிறத்தால் நிரப்பிக்கொண்டிருந்த கட்டம் எந்த வரிக்கு உரியது தெரியுமா? 'பத்து மணிக்குள் உறங்குதல்.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால், அதன்பின் அவள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது.

"சித்தி, நடுவில் ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தால் பக்கமே அசிங்கமாகத் தெரியும். அதனால்தான் எல்லாவற்றையும் நிரப்பிவிடுகிறேன்."

ஆசிரியர் பார்க்கப் போவதில்லை. மதிப்பெண் கிடையாது. அப்படிப்பட்ட ஓர் ஏட்டில்கூட ஒரு மாணவி தனக்குத் தானே பொய் எழுதிக்கொள்கிறாள் என்றால், அந்த ஏடு அவளுக்கு உதவுகிறதா, அல்லது இன்னொரு தேர்வாகிவிட்டதா?

அவள் கையில் இருந்தது 'புல்லட் ஜர்னல்' எனப்படும் குறிப்பேடு. புல்லட் என்றதும் துப்பாக்கிக் குண்டோ மோட்டார் சைக்கிளோ உங்கள் நினைவுக்கு வரலாம். இங்கே அது, பட்டியல் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நாம் வைக்கும் சிறு புள்ளியைக் குறிக்கிறது. ஆகவே, அதைப் புள்ளிக் குறிப்பேடு என்றே இக்கட்டுரையில் அழைக்கிறேன். இலக்குகளை அடையவும் மனத்தைப் பேணவும் இப்பழக்கம் உதவும் என்று பலர் சொல்கிறார்கள். நானும் அதை நம்புகிறேன். ஆனால், அதில் நன்மை தரும் பகுதி எது என்பதில்தான் எனக்கும் வண்ணம் தீட்டுபவர்களுக்கும் கருத்து வேறுபாடு.

இம்முறையை உருவாக்கியவர் ரைடர் கேரல். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்து, பின்னர் நியூயார்க்கில் வடிவமைப்பாளராகப் பணியாற்றியவர். சிறு வயதிலேயே அவருக்குக் கவனக் குறைபாடு இருப்பது கண்டறியப்பட்டது. சிதறும் எண்ணங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ள அவர் தமக்காகப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்து அமைத்துக்கொண்ட வழி இது. 2013ஆம் ஆண்டு அதை ஓர் இணையத்தளத்தின்வழி மற்றவர்களுடன் பகிர்ந்துகொண்டார். 2018இல் நூலாகவும் வெளியிட்டார்.

முறை எளியது. செய்ய வேண்டிய வேலைக்கு முன்னால் ஒரு புள்ளி. நிகழ்வுக்கு ஒரு சிறு வட்டம். மறந்துவிடக் கூடாத செய்திக்கு ஒரு சிறு கோடு. வேலை முடிந்ததும் புள்ளியின்மேல் ஒரு பெருக்கல் குறி. பக்கங்களுக்கு நீங்களே எண் இட்டு, ஏட்டின் தொடக்கத்தில் பொருளடக்கம் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாதத்தின் தொடக்கத்திலும் அந்த மாதத்துக்கான பட்டியல். அதைத் தொடர்ந்து அன்றாடக் குறிப்புகள். 'வியாழன், அறிவியல் செய்முறை அறிக்கை' என்பதுபோல் வரிகள் குறுகியவையாக இருந்தால் போதும். அடிப்படை முறைக்கு ஓர் ஏடும் ஒரு பேனாவும் போதும். பூக்கொடிகளும் வண்ணக் கட்டங்களும் ஒட்டுத்தாள்களும் விருப்பமுள்ளவர்கள் சேர்த்துக்கொள்பவை. அவற்றை நான் வெறுக்கவில்லை. பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் உள்ள எழுதுபொருள் கடைகளில் எதை வாங்குவது என்று தெரியாமல் நானே அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். ஆனால், அலங்காரம் வேறு, முறை வேறு.

இது வழக்கமான நாட்குறிப்பும் அன்று. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக விளங்கிய புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை, 1736ஆம் ஆண்டு தொடங்கி 1761ஆம் ஆண்டு வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, போர் மூண்டது என நடந்தவற்றைப் பதிவு செய்த ஏடு அது. புள்ளிக் குறிப்பேடோ இனி நடக்க வேண்டியவற்றையும் கேட்கிறது. கேட்பதோடு நிற்காமல், நடக்காமல் போனவற்றை என்ன செய்யப் போகிறாய் என்றும் கேட்கிறது.

அந்தக் கேள்விக்கு உரிய நேரம் மாத இறுதி. ஏட்டை முதலிலிருந்து புரட்டுகிறீர்கள். பெருக்கல் குறி விழாத புள்ளிகள் சில இருக்கத்தான் செய்யும். ஒவ்வொன்றின் முன்னாலும் சற்று நின்று யோசிக்க வேண்டும்: அடுத்த மாதப் பக்கத்தில் மறுபடியும் என் கையால் எழுதும் அளவுக்கு இது எனக்கு முக்கியமா? ஆம் என்றால், புள்ளியை வலப்பக்கம் பார்க்கும் அம்பு முனையாக மாற்றிவிட்டு, அதே வரியைப் புதிய பக்கத்தில் எழுதுகிறீர்கள். இல்லை என்றால், வரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு அதை மறந்துவிடுகிறீர்கள். இந்த மாற்றி எழுதுதலில்தான் இம்முறையின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. மற்றவை அனைத்தும் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

இந்த வேலை எனக்குப் புதிதன்று. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை செய்த என் அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு '555' குறிப்பேடு இருக்கும். உள்ளங்கை அளவுள்ள அந்தச் சிறிய ஏட்டைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். இங்கும் மலேசியாவிலும் மளிகைக் கடைக் கடன் கணக்கை அதில் எழுதி வைத்தவர்கள் பலர். கூடுதல் நேரம் வேலை செய்த மணிகள், கடைக்குத் தர வேண்டிய பாக்கி, கைமாற்றாகக் கொடுத்த பணம், எங்களுக்குப் பள்ளிக் காலணி வாங்க வேண்டிய வாரம், இப்படி எல்லாமே அப்பாவின் ஏட்டில் இருக்கும். ஏடு நிறைந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியோடு உட்கார்ந்து, தீராதவற்றை மட்டும் புதிய ஏட்டுக்கு மாற்றுவார்.

ஒருமுறை, நண்பர் ஒருவர் தர வேண்டிய நாற்பது வெள்ளியை அவர் மாற்றாமல் விட்டதை நான் கவனித்துவிட்டேன். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும்.

"அப்பா, இதை விட்டுட்டீங்களே!"

"அவன் தரமாட்டாம்மா. ஒவ்வொரு புது ஏட்டுலயும் இதைத் தூக்கிக்கிட்டு அலையணுமா?"

அந்த நண்பர் அதற்குப் பிறகும் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அப்பாவும் சிரித்த முகத்தோடுதான் அவருக்குப் பலகாரம் கொடுத்தார். நாற்பது வெள்ளி அன்று சிறு தொகை அன்று. அதை விட்டுவிடுவது என்று அப்பா எடுத்த முடிவு மறதியால் வந்ததன்று என்பது எனக்கு வெகு நாள்களுக்குப் பிறகே விளங்கியது.

அந்த இரவுக்குப் பிறகு அக்கா மகளுக்கு இரண்டு வெள்ளிக்கு ஒரு சாதாரணக் கோடு போட்ட ஏடு வாங்கிக் கொடுத்தேன். கட்டங்கள் வேண்டாம், புள்ளிகள் மட்டும் போதும், மாதக் கடைசியில் மாற்றி எழுது என்று சொன்னேன். "இது அழகாகவே இல்லையே, சித்தி" என்றாள். உண்மைதான். இருந்தாலும் முயன்று பார்க்க ஒத்துக்கொண்டாள்.

ஏப்ரல் மாதத்தில், 'கணித ஆசிரியரிடம் ஐயம் கேட்க வேண்டும்' என்று எழுதினாள். அது மே மாதத்துக்கு மாறியது. மே மாதத்திலிருந்து ஜூனுக்கு. ஜூன் விடுமுறை என்பதால் ஜூலைக்கு. நான்காம் முறையாக அதே வரியை எழுதும்போது அவளுக்கே எரிச்சல் வந்துவிட்டதாம். ஏன் இதைச் செய்யாமலேயே இருக்கிறேன் என்று தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சோம்பல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அக்காவும் அப்படித்தான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். காரணம் வேறு. இருபடிச் சமன்பாட்டில் அவளுக்கு வந்த சிக்கலுக்கு, உயர்நிலை இரண்டில் படித்த காரணிப்படுத்துதல் சரியாகப் புரியாததே அடிப்படை. அதைக் கேட்டால், 'போன ஆண்டுப் பாடமே தெரியாதா?' என்று வகுப்பில் மற்றவர்கள் நினைப்பார்களோ என்ற வெட்கம்.

வெட்கம் என்று தெரிந்தபிறகு வழியும் தெரிந்தது. வரியை மாற்றி எழுதினாள். 'புதன்கிழமை, பள்ளி முடிந்ததும், ஆசிரியர் அறை வாசலில், நான்காம் கணக்கை மட்டும் கேட்க வேண்டும்.' அதற்குப் பெருக்கல் குறி விழுந்தது. கணிதத்தில் அவள் வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டாள் என்று நான் சொல்லப் போவதில்லை, அப்படி நடக்கவில்லை. அதன்பின் ஆசிரியரைத் தேடிப் போக அவள் தயங்குவதில்லை. அவ்வளவுதான்.

அதே மாதத்தில் இன்னொரு வரியின் குறுக்கே கோடு போட்டாள். 'கித்தார் கற்றுக்கொள்ள வேண்டும்.' தோழியர் இருவர் கற்கிறார்கள் என்பதற்காக எழுதிய வரி அது. "உண்மையைச் சொன்னால் எனக்குக் கித்தார் பிடிக்கவே இல்லை, சித்தி" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு மூன்று மாதங்கள் பிடித்தன.

உங்கள் நாளைச் சற்று நினைத்துப் பாருங்கள். காலையில் பள்ளி, பிற்பகலில் இணைப்பாட நடவடிக்கை, மாலையில் துணைப்பாட வகுப்பு, இரவில் வீட்டுப்பாடம். இந்த அட்டவணையின் பெரும்பகுதியை வகுத்தவர்கள் பெரியவர்கள். பாடத்திட்டம் வகுக்கும் பணியில் இருப்பதால், அதில் எனக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதை விடலாம் என்று முடிவு செய்யும் வாய்ப்பு உங்களுக்கு மிகக் குறைவாகவே கிடைக்கிறது. தன்னைப் பேணுதல் என்ற பெயரில் நறுமண மெழுகுவத்தியும் முகப்பூச்சும் விற்கிறார்கள். எனக்குத் தேவையில்லாத ஒரு சுமையை அடையாளம் கண்டு, அதைக் குற்ற உணர்வு இல்லாமல் இறக்கி வைப்பது அவற்றைவிடக் கடினமான பேணுதல். அதற்குப் பழக்கம் வேண்டும். மாதம் ஒருமுறை ஏட்டின் முன் உட்காரும் இருபது நிமிடங்கள் அந்தப் பழக்கத்தைத் தருகின்றன.

பழக்கங்களைக் கட்டம் கட்டிக் கண்காணிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்கிளின் அதைச் செய்தார். தாம் வளர்த்துக்கொள்ள விரும்பிய 13 நற்பண்புகளை ஒரு சிறு ஏட்டில் எழுதி, வாரத்தின் ஏழு நாள்களுக்கும் கட்டம் போட்டு, தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்தார். தாம் நினைத்திருந்ததைவிடத் தம்மிடம் குறைகள் மிகுதியாக இருந்ததைக் கண்டு வியந்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒழுங்கு என்ற பண்புதான் அவரை மிகவும் சிரமப்படுத்தியது. பழைய புள்ளிகளைச் சுரண்டி அழித்து மறுபடியும் பயன்படுத்தியதில் தாளே ஓட்டை விழுந்துவிட்டது. என் அக்கா மகளின் ஏட்டுக்கும் அவருடைய ஏட்டுக்கும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. அவர் தவறுகளை மறைக்காமல் குறித்தார். மேலும், ஒரு வாரத்துக்கு ஒரு பண்பில் மட்டுமே தனிக் கவனம் செலுத்தினார். பதினான்கு பழக்கங்களை ஒரே மாதத்தில் பிடித்துக்கொள்ள அவரே முயலவில்லை!

இரவு நேரத்துக்கும் இந்த ஏடு பயன்படும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 57 இளையர்கள் கலந்துகொண்டனர். உறங்கப் போகுமுன் 5 நிமிடம், ஒரு பிரிவினர் அடுத்த சில நாள்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினர். மற்றொரு பிரிவினர் செய்து முடித்தவற்றை எழுதினர். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக ஏறத்தாழ 9 நிமிடம் விரைவாக உறங்கினர். அவர்களிலும், வேலைகளைத் தெளிவாகப் பிரித்து எழுதியவர்களுக்கு உறக்கம் இன்னும் விரைவாக வந்தது. சிறிய ஆய்வுதான். இருந்தாலும், தேர்வு நெருங்கும் நாள்களில் படுக்கையில் புரண்டபடி, 'நாளைக்கு அது இருக்கிறதே, இது இருக்கிறதே' என்று நினைத்திருக்கிறீர்கள் என்றால், தாளில் இறக்கி வைத்த கவலை தலையில் சுற்றுவது குறையும் என்பதை எளிதில் புரிந்துகொள்வீர்கள்.

இதையெல்லாம் கைத்தொலைபேசியிலேயே செய்யலாமே என்று கேட்பீர்கள். பேருந்து நேரத்தையும் மருந்து வேளையையும் நினைவூட்டக் கைத்தொலைபேசியைப் போன்ற துணை வேறில்லை. நானும் அதைத்தான் நம்பியிருக்கிறேன். ஆனால், முடிக்காத வேலையைக் கைத்தொலைபேசி தானாகவே மறுநாளுக்குத் தள்ளிவிடுகிறது. நாற்பது நாள் தள்ளினாலும் நமக்குக் கை வலிப்பதில்லை. கையால் எழுதும்போதுதான், இதை மறுபடியும் எழுத வேண்டுமா என்ற சிறு சலிப்பு வருகிறது. அந்தச் சலிப்பு பயனுள்ளது. கணித வரியை நான்காம் முறை எழுத நேர்ந்ததால்தான் அவள் தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

பெற்றோரிடமும் என் சக ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த ஏட்டைத் திறந்து பார்க்காதீர்கள். நான் இளம் ஆசிரியராக இருந்தபோது, இலக்குகளை எழுதுமாறு மாணவர்களிடம் ஏடு கொடுத்து, வாரந்தோறும் வாங்கிக் கையொப்பமிட்டேன். நல்லெண்ணத்தோடுதான் செய்தேன். ஆனால், சில வாரங்களிலேயே எல்லா ஏடுகளிலும் 'கடுமையாக உழைப்பேன்', 'கவனமாகப் படிப்பேன்' என்ற வரிகளே நிறைந்திருந்தன. என்னை மகிழ்விக்க எழுதப்பட்ட வரிகள் அவை. கையொப்பம் இட்டு இட்டு அவர்களுடைய உண்மையை நானே விரட்டிவிட்டேன். 'ஐயம் கேட்க வெட்கமாக இருக்கிறது' என்று எந்தப் பிள்ளையும் ஆசிரியர் கையொப்பமிடும் ஏட்டில் எழுதாது.

ஏட்டால் ஆகாதவையும் உண்டு. வாரக்கணக்கில் உறக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, காரணம் தெரியாமல் அழுகை வருகிறது என்றால், புள்ளி வைத்துப் பட்டியல் போடுவது தீர்வாகாது. நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேச வேண்டும். வேண்டுமானால், 'ஆலோசகரைப் பார்க்க வேண்டும்' என்று ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் அடுத்த மாதத்துக்கு மாற்றாதீர்கள்.

சென்ற வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த இரண்டு வெள்ளி ஏடு மேசையில் கிடந்தது. அட்டையில் மைலோ கறை. முனைகள் மடங்கிப் போயிருந்தன. அதைத் திறக்காமல், எழுதிக்கொண்டு வருகிறாயா என்று மட்டும் கேட்டேன். வலைப்பந்துப் போட்டிகள் தொடர்ச்சியாக இருந்ததால் பதினொரு நாள்கள் எதுவும் எழுதவில்லை என்றாள். முன்பாக இருந்தால் அந்தப் பதினொரு கட்டங்களையும் ஓர் இரவு உட்கார்ந்து நிரப்பியிருப்பாள். அச்சடித்த நாட்குறிப்பாக இருந்தால் பதினொரு பக்கங்கள் வெறுமையாக இருந்து அவளைக் குத்திக் காட்டியிருக்கும். இதில் தேதியை நாமே எழுதுவதால் இடைவெளி கண்ணுக்குத் தெரிவதில்லை.

"பிறகு என்ன செய்தாய்?" என்றேன்.

"பன்னிரண்டாம் நாள் தேதியைப் போட்டுவிட்டு எழுதினேன், சித்தி" என்றாள்.